டியூப்லைட் எரியாத மூலை

என் மகள் கோயம்புத்தூரில் சினிமாவைப் பற்றிப் படிக்கிறாள். சினிமா பார்த்துக் கெட்டுப்போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்க, போனவள். ஆகவே எது படிப்பு, எது படிப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பயம் இருந்தது. பயம் எனக்கு எதற்கும் இருக்கும். அவள் பஸ் ஏறினால் பயம். இறங்கிவிட்டேன் என்று போன் வராவிட்டால் பயம். வந்தால், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று பயம்.

போன வருடம் அவளுக்கு ஒரு கட்டுரை எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் பெண்களையும், வெள்ளைக்காரர் அல்லாத மற்றவர்களையும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் படம் ஓடியது. எங்கள் வீடு திருமுருகன்பூண்டியில், சிற்பக் கூடத்தை ஒட்டி இருக்கிறது. கல்தூசி வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். அதனால் நடுப்பகலிலும் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து அவள் படத்தை ஓட்டுவாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பேன். வெளியே உளிச் சத்தம், உள்ளே துப்பாக்கிச் சத்தம்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கதையைச் சொல்லு என்றால் மகள் சொல்லமாட்டாள்.

"பேசாமப் பாரும்மா. கதை தெரியாதவங்களுக்கு என்ன தெரியுதுன்னுதான் எனக்கு வேணும்."

"என்னை வெச்சு டெஸ்ட் பண்றியாக்கும்."

"ஆமா. பூண்டு உரிக்கறதுக்குக் கூலி படம்."

அப்படிப் பார்த்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. ஒரு நாள் ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வந்தாள். வாயைத் திறக்கவே இல்லை. "இவ கெட்டவ" என்றேன்.

"எப்படிச் சொல்றே?"

"துணியைப் பாரு. சாட்டின். குறுக்கு வாட்டத்துல வெட்டி உடம்போட ஒட்ட வெச்சிருக்கறான். அந்த இன்னொருத்திக்குக் காட்டன், கழுத்து வரைக்கும் பட்டன். தைக்கறதுக்கு முன்னயே முடிவு பண்ணிட்டாங்க கண்ணு."

மகள் சிரித்தபடி அதை எழுதிக்கொண்டாள். வெளிச்சமும் அப்படித்தான் இருந்தது. நல்லவள் வந்தால் முகம் பூராவும் விளக்கு. மற்றவள் வந்தால் ஜன்னல் திரையின் பட்டை பட்டையான நிழல் முகத்தில் விழும், கம்பிக்குப் பின்னால் நிற்பதைப் போல. அவள் அதுவரை ஒன்றும் செய்திருக்கமாட்டாள். நிழல் முதலில் வந்துவிடும், குற்றம் பின்னால் வரும்.

இன்னும் சிலர் இருந்தார்கள். லிப்ட் ஓட்டுகிற கறுப்பின ஆள், தட்டு ஏந்தி வருகிற கறுப்பினப் பெண், ஓட்டலின் பின்கட்டில் நிற்கிற சீனாக்காரன். எல்லாம் அவர்கள் கண் முன்னால்தான் நடக்கும். யார் எந்த மாடிக்குப் போனார்கள், யார் கையுறையோடு இறங்கி வந்தார்கள் என்று அந்த லிப்ட்காரருக்குத் தெரியாமல் இருக்காது. தொப்பி போட்ட துப்பறியும் ஆளோ ஊரெல்லாம் சுற்றுவான்.

"அந்த லிப்ட்காரரைக் கேட்டா அப்பவே படம் முடிஞ்சிருமே" என்றேன்.

"கேக்கமாட்டாங்கம்மா. அதுதான் என் கட்டுரையே."

தப்புச் செய்தவர்களுக்குப் படம் முடிவதற்குள் தண்டனை கொடுத்தாக வேண்டும் என்று அந்தக் காலத்தில் அங்கே சினிமாக்காரர்களே ஒரு விதி வைத்திருந்தார்களாம். அதனால் அந்த சாட்டின் பெண் கடைசியில் சாவாள், இல்லையென்றால் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும். அது தெரிந்த பிறகு எனக்குப் படம் பார்ப்பது பிடிக்காமல் போனது. அவள் சிரித்துக்கொண்டு வரும்போதே நான் பூண்டுப் பக்கம் குனிந்துகொள்வேன்.

இதெல்லாம் எங்கேயோ எப்போதோ எடுத்த படங்கள், நமக்கென்ன என்றுதான் இருந்தேன்.

நான் வேலை செய்யும் கம்பெனி மண்ணரையில் இருக்கிறது. பெரியவர்களின் டி-சர்ட்டுகளைப் பார்த்து அனுப்பும் செக்கிங் மேஜை என்னுடையது. எனக்கு எதிரே கண்ணாடிக் கதவு, அதற்கு அந்தப் பக்கம் குழந்தை லைன். கைக்குழந்தைகளுக்கான சட்டை தைக்கிற இடம் என்பதால் அங்கே கெடுபிடி அதிகம். ஊக்கு, ஹேர்பின், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் செக்யூரிட்டி அம்மா ஒரு கைக்கருவியால் தடவிப் பார்ப்பார். தாலிக்கு மட்டும் விலக்கு. அதைக் கழற்றச் சொன்னால் கம்பெனியே காலியாகிவிடும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. தைக்கிறவர் கையைத் தூக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து காந்தத்தால் துழாவித் துண்டுகளைச் சேர்ப்பார். சேர்த்ததை ஓர் அட்டையில் ஒட்டி, முழு ஊசியாகப் பொருந்தினால்தான் புது ஊசி தருவார்கள். முனை கிடைக்காவிட்டால் லைன் நிற்கும். அந்த முனை ஏதோ ஒரு சட்டையின் மடிப்பில் இருந்து, அதை யாரோ ஒரு தாய் தன் குழந்தைக்குப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, ஊசி உடையாத நாளிலும் நான் நடுங்குவேன்.

அந்த லைனில் ஒரு வங்காளப் பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவன் சாயப்பட்டறையில் வேலை. இருவருக்கும் கம்பெனியே லைன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தது. அவள் வகிடு நிறையச் சிவப்பு வைப்பாள், உதட்டுக்கும் லேசாகச் சாயம் பூசுவாள். கட்டிங் மாஸ்டரோடு இந்தியில் பேசிச் சிரிப்பாள். எங்கள் பெண்களுக்கு அது போதுமாக இருந்தது.

"ஏனக்கா, அவ சிரிக்கறதப் பாத்தீங்களா? சும்மா சிரிப்பாளா ஒருத்தி?"

"அவளுக்குத் தமிழ் வராது. வேற என்ன பண்ணுவா, சிரிச்சுத்தான் ஆகோணும்" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா. இவளுக எல்லாம் சிரிச்சே ஆளைக் கவுத்துருவாளுக."

ஒரு நாள் அவளுடைய மெசினில் ஊசி உடைந்தது. கையைத் தூக்கினாள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முனையைக் காணவில்லை. கட்டுக் கட்டாகத் துணியை எடுத்துப் பார்த்தார்கள், தரையைக் கூட்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. குழந்தை லைன் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அத்தனை மெசினும் ஒன்றாக நின்றுபோனால் காதுக்குள் ஒரு கனம் இறங்கும். நல்லதற்கில்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை ஆபீஸ் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெண்கள் கமிட்டியில் ஓர் ஆள். பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டேன் என்பதற்காகச் சேர்த்தது என்றே நினைக்கிறேன். உள்ளே புளோர் மேனேஜரும் ஹெச்ஆர் அதிகாரியும் இருந்தார்கள். மேனேஜர் எங்கள் பக்கத்து ஆள். ஹெச்ஆர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், சின்ன வயது.

"உக்காருங்க்கா. பொம்பளை சமாச்சாரம். கமிட்டியில ஒரு ஆளு கூட இருக்கோணும், அதுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

கேமராப் பதிவை ஓட்டினார்கள். குழந்தை லைனின் கோடியில் துணிக்கட்டுகள் அடுக்கிய மூலை ஒன்று உண்டு. அங்கே டியூப்லைட் எரிந்து நாளாகிவிட்டது. வெளிச்சம் போதாத இடத்தில் அந்தக் கேமரா தானாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். திரையில் அந்த மூலை வந்தது. துணிக்கட்டு அடுக்கின் நிழல் பட்டை பட்டையாகச் சுவரில் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் ஒரு பெண் வந்தாள். திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் வெள்ளையாக மின்னின. சட்டைக் கைக்குள் முழங்கைக்கு மேல்வரை விரலை விட்டு எதையோ உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

வகிட்டுச் சிவப்பு அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. உதடும் கறுப்பு. தினமும் டீ குடிக்கும்போது பார்க்கிற பெண்தான். ஆனால் அந்தத் திரையில் பார்த்தபோது அவள் கொலை செய்தாள் என்று சொன்னால்கூட நான் நம்பியிருப்பேன்.

"பாத்தியளாக்கா? என்னத்தையோ ஒளிக்கா" என்றார் ஹெச்ஆர்.

"ஊசி முனைதானுங்க. வேற என்னவா இருக்கும்?" என்றார் மேனேஜர். "போன வாரம் சூப்பர்வைசர் சத்தம் போட்டிருக்கறான். அந்தக் காட்டத்துல லைனை நிறுத்தோணும்னே பண்ணியிருக்கறா. இல்லாட்டி எவனோ சொல்லிக்கொடுத்திருக்கறான். ஆளு ஒரு மாதிரிங்க. எல்லாருமே சொல்றாங்க."

"அப்ப இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவோம். ரூமைக் காலி பண்ணச் சொல்லிருவோம். ஸ்டேஷன்ல சொல்லணுமான்னு முதலாளிட்டக் கேக்கணும். அக்கா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பேனாவை என் பக்கம் தள்ளினார். வேலை, அறை, இப்போது போலீஸ். ஒரு பெண்ணின் எல்லாமும் அந்த மேஜைமேல் கிடந்தது. அந்தப் பெண்ணோ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த லிப்ட்காரர் ஞாபகம் வந்தார். எல்லோரும் பேசுகிறார்கள், கேட்க வேண்டிய ஆளை மட்டும் கேட்கவில்லை.

"அவளைக் கேட்டீங்களா?" என்றேன். குரல் எனக்கே கேட்டிருக்காது.

"என்னத்தைக்கா?"

"இடுப்புல என்ன வெச்சேன்னு."

"கேட்டா உண்மையைச் சொல்லிருவாளாக்கும்?" என்று மேனேஜர் சிரித்தார்.

"சொல்லாட்டிப் போறாங்க. நானே கேக்கறேனுங்க. பொம்பளை இடுப்பை நீங்க சோதிக்க முடியாதில்லீங்க."

அந்தக் கடைசிச் சொல்லில் ஹெச்ஆர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விதி அவருக்குத் தெரியும். போய்க் கேட்டு வாருங்கள் என்றார்.

கை கழுவும் இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். "கேமராவுல தெரிஞ்சிருச்சு அம்மிணி. இடுப்புல என்ன?" என்று கேட்டதும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஊசி நான் எடுக்கல அக்கா. கசம், சத்தியம்."

"பின்னே என்ன?"

சட்டைக் கையை மேலே சுருட்டினாள். தையல்காரிகள் போடுகிற முழுக்கைச் சட்டை. முழங்கைக்கு மேலே சதையை அழுத்திக்கொண்டு ஒரு மெல்லிய இரும்பு வளையம் இருந்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தாள். அவர்கள் ஊரில் கல்யாணத்தின்போது மாமியார் போட்டுவிடுவதாம். கணவன் இருக்கும்வரை கழற்றக் கூடாதாம். "கழட்டினா அவருக்கு ஆகாது" என்றாள், தன் மார்பைத் தொட்டு, அப்புறம் என் தாலியைத் தொட்டுக் காட்டி. "இது மாதிரி அக்கா. இது எனக்கு."

வாசலில் கருவி மணிக்கட்டையும் இடுப்பையும்தான் தடவும். அதனால் வளையத்தை மேலே ஏற்றி வைத்துக்கொண்டே இத்தனை மாதமும் வந்திருக்கிறாள். அன்று ஊசி உடைந்து, சூப்பர்வைசர் ஒவ்வொருவர் கையையும் காந்தத்தால் தடவிக்கொண்டே வந்ததும் பயந்துபோய், துணிக்கட்டு எடுத்துத் தருகிற சாக்கில் எழுந்து அந்த மூலைக்குப் போய்க் கழற்றி இடுப்பில் செருகியிருக்கிறாள். சூப்பர்வைசர் ஆண் என்பதால் இடுப்புப் பக்கம் வரவில்லை.

ஆபீஸ் ரூமில் அவளையே சொல்லவைத்தேன். அவளுடைய பாதித் தமிழுக்கு நான் மீதியைச் சொன்னேன். ஹெச்ஆர் வளையத்தை வாங்கி, கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். அது கத்தியது. பிறகு, எதற்கென்று தெரியவில்லை, என் பக்கமும் நீட்டினார். தாலிக்கு நேராக வந்தும் சத்தம் இல்லை.

"இந்தக் கருவி இரும்பை மட்டுந்தாங்க்கா பிடிக்கும். தங்கத்தைப் பிடிக்காது. அதனாலதான் உங்களுக்கெல்லாம் விலக்கு கொடுக்க முடியுது" என்றார். அவர் அதை இரக்கமில்லாமல் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்.

கடைசியில் முடிவு இதுதான்: ஊசி விஷயத்தில் அவள்மேல் குற்றம் இல்லை. ஆனால் இரும்பு உள்ளே வரக்கூடாது. வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தால் வேலையில் இருக்கலாம். இன்னொரு தடவை பிடிபட்டால் போக வேண்டியதுதான்.

ஊசி முனை அன்றும் கிடைக்கவில்லை. அந்த லைனின் சட்டைகளையெல்லாம் கருவிக்குள் விட்டு எடுத்தார்கள். ஒன்றும் கத்தவில்லை. மறுபடியும் லைன் ஓடத் தொடங்கியது.

பை வைக்கிற அலமாரியில் வளையத்தை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. தரையில் வைக்கக் கூடாது, தெரியாத கைக்குப் போகக் கூடாது. என் மேஜை கண்ணாடிக்கு வெளியே இருந்தது, அங்கே இரும்புக்குத் தடை இல்லை. மறுநாள் காலை உள்ளே நுழைவதற்கு முன்னால் என் முன்னே வந்து நின்றாள். வளையத்தைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, நீங்க வையுங்க. அவருக்குத் தெரிஞ்சா வேலைக்கு விடமாட்டார். ஊருக்கு அனுப்புவார்."

மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. ரவிக்கைக்குள் வைக்கிற பர்ஸில், பனியன் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. என் வீட்டில் இருக்கிற உயிர்களுக்குப் பயப்படவே எனக்கு நேரம் போதாது. இப்போது முகம்கூடத் தெரியாத ஓர் ஆளின் உயிர் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. சாயப்பட்டறையில் கொதிக்கிற தண்ணீர், ஆசிட், தொட்டி கழுவ இறங்குகிற வேலை எல்லாம் உண்டு. எங்கள் ரோட்டில் சைரன் சத்தம் கேட்டால் என் கை நேராகப் பர்ஸுக்குப் போகும். இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. ஆனால் இருக்க வேண்டிய கையில் இல்லையே. சாயங்காலம் அவள் ஓடிவந்து வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர். "நீ கட்டாத தாலிக்கெல்லாம் பயப்படறயா? உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, "எங்க தறிக்குடோன்ல எது இரும்பு, எது இல்லைன்னு எவன் பாக்கறான்? தறிச் சத்தத்துல காது கேட்டாப் போதும்னு இருக்கறோம்" என்றார்.

இப்படியே சில வாரம் ஓடியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை குழந்தை லைனுக்குத் துணி வரவில்லை. மத்தியானமே அவர்களை விட்டுவிட்டார்கள். வேன் நிற்கிறது, ஏறுங்கள் என்று அவர்களைப் பின்பக்க வாசல் வழியாகத் துரத்தினார்கள். என் மேஜையில் பீஸ் மலைபோல் கிடந்தது. தற்செயலாக நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். தன் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பார்க்கிறவர்களுக்கு மணி கேட்பதைப் போலத்தான் தெரிந்திருக்கும். நான் எழுவதற்குள் செக்யூரிட்டி அம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதவு எனக்குத் திறக்காது. சுற்றிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது வேன் கிளம்பிவிட்டது.

அவளிடம் போன் இல்லை. இருப்பது ஒரே போன், அதுவும் கணவனிடம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எதிரே ஓர் ஆம்புலன்ஸ் போயிற்று. சாயப்பட்டறைகள் இருக்கிற பக்கத்திலிருந்து வந்தது. தினமும் எத்தனையோ போகிறது. ஆனாலும் நான் அதன் பின் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இரவு எப்படி விடிந்தது என்று எழுதப் போவதில்லை.

ஞாயிறு மத்தியானம் மகள் வழக்கம்போலப் படத்தைப் போட்டாள். நானும் பூண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வந்தாள், பட்டை நிழல் வந்தது, லிப்ட்காரர் கதவைத் திறந்துவிட்டார். கடைசியில் அவள் ஒரு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். யார் திறக்கப் போகிறார்கள் என்று காட்டாமல் கதவையே காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து முகத்தைக் கழுவினேன்.

"எங்கம்மா போறே? கிளைமாக்ஸ் வருது."

"அவ சாகப்போறா. அது தெரிஞ்சதுதானே. நான் மண்ணரைக்குப் போயிட்டு வந்தர்றேன்."

சிற்பக் கூடத்தில் ஞாயிறு என்பதால் சத்தம் இல்லை. ரோட்டோரம் ஒரு வரிசையாக அம்மன் சிலைகள் நின்றன. எதற்கும் இன்னும் கண் திறக்கவில்லை. அவற்றுக்கு முன்னால் நடந்துபோய் பஸ் பிடித்தேன்.

லைன் வீடுகளுக்கு நடுவே நடைவழி பகலிலும் இருண்டு கிடந்தது. எந்த வீட்டு வாசலிலாவது கூட்டம் நிற்கிறதா, அழுகைச் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். விசாரித்த அறையின் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

கதவைத் திறந்தது அவள் கணவன். லுங்கி கட்டி, ஈரத்தலையோடு, உயிரோடு. பிறகுதான் பார்த்தேன். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தான்.

"கம்பெனி அக்கா" என்றேன். "கையில என்னாச்சுங்க தம்பி?"

"சுடுதண்ணி அக்கா. பைப் விட்டுருச்சு. பெரிசா இல்ல."

"எப்போ?"

"நேத்து. சாயங்காலம்."

அவனுக்குப் பின்னால், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே கணக்குத்தான். அவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சிரித்த முகமாக, உட்காருங்கள் என்று பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"உங்க ஊர்ல உருளைக்கிழங்கு எப்படிப் பண்றாங்கன்னு கத்துக்க வந்தேனுங்க" என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. அவன் சந்தோஷமாக வழிவிட்டான்.

ஸ்டவ்வுக்கு முன்னால் அவளோடு போய் நின்றுகொண்டேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பர்ஸை உருவினேன். சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். கடுகு தாளிக்கிற சத்தத்தில் அவள் அதை வாங்கி, நெற்றியில் ஒற்றி, கையில் ஏற்றிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அவன் ஏதோ கேட்டான். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அந்த அறையில் யாராவது ஒரு கேமரா வைத்திருந்தால் நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன். ஒருவனுடைய வீட்டுக்குள் வந்து, அவனுக்குத் தெரியாமல் இருட்டில் எதையோ கைமாற்றிவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறவளாக.

"இனி கழட்டமாட்டேன் அக்கா" என்றாள், வாய்க்குள்.

"பைப் விட்டதுக்கும் இதுக்கும்..." என்று தொடங்கினேன். சம்பந்தம் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கே அதில் உறுதி இல்லாததால் பாதியில் நின்றுவிட்டேன். "அப்ப வேலை?"

"அங்க போனா கழட்டணும்."

"ஆமா."

"அப்ப போகல."

அவள் அழவில்லை. உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டபோது எதை எடுப்பது என்பதில் அவளுக்குக் குழப்பமே இருக்கவில்லை. அறையும் போகுமே என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள்.

அப்போதுதான் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றே அவரிடம் கேட்டேன். மங்கலத்தில் அவர் தறி ஓட்டுகிற குடோனில் நூல் சுற்ற ஆள் தேவைப்பட்டது. சம்பளம் இங்கேயுள்ளதைவிடக் குறைவு, ஆனால் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை தருகிறார்கள். கம்பெனியில் வேலை இல்லை என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் நம்பினான். அவன் அங்கிருந்து இன்னும் அதே சாயப்பட்டறைக்குத்தான் பஸ்ஸில் போய் வருகிறான். கை ஆறிவிட்டதாம், தழும்பு நிற்கிறதாம்.

அவள் நின்றுவிட்ட சேதி தெரிந்ததும் எங்கள் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"நான்தான் சொன்னேனில்லீங்க்கா. ஊசியை எடுத்தவ மாட்டிக்குவோம்னு ஓடிட்டா."

"அவ எடுக்கலை. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களே" என்றேன்.

"எடுக்காட்டி எதுக்கு ஓடறா?"

வளையத்தைப் பற்றி நான் சொல்லலாம். சொன்னால் அது அவளுடைய கணவன் காதுவரை போகும், பட்டறையில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். அதனால் அவள் இங்கே திருடியாகவே இருக்கிறாள். மகளிடம் மட்டும் சொன்னேன். கட்டுரையில் எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், படத்தில் வருகிறவர்களைப் பற்றியே எழுது என்றேன். பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "லிப்ட்காரரைப் பத்தி மட்டும் நல்லாப் பெரிசா எழுது" என்றேன்.

குழந்தை லைனில் ஆள் குறைந்ததால் என்னை அங்கே செக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். தினமும் வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். வளையம் பிடிபட்ட பிறகு செக்யூரிட்டி அம்மா கருவியைத் தலையிலிருந்து கால் வரை இறக்குகிறார். தாலிக்கு நேரே அது பேசாமல் போகிறது. கோடி மூலையில் இன்னும் டியூப்லைட் மாற்றவில்லை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கை இரண்டையும் நன்றாகத் தெரிகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு போகிறேன்.

அந்த ஊசி முனை கடைசிவரை கிடைக்கவில்லை. ஒரு குழந்தைச் சட்டையை எடுத்தால் என் விரல் முதலில் கழுத்து மடிப்பைத் தடவும், பிறகு தோள், பிறகு கைக்குழி. வேகம் போதவில்லை என்று சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். நான் மறுபடியும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறேன்.